கல்லைப் புரட்டிப் பார்த்த பின் பெட்டியைத் திறங்கள்: கேட்ஸ்கில் ஆறுகளில் பருவந்தோறும் ஃபிளை மீன்பிடிப்பு

நியூயார்க் நகரிலிருந்து வடமேற்கே இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் காரோட்டினால் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் ராஸ்கோ என்னும் சிற்றூர் வரும். வில்லோவீமாக் ஓடை பீவர்கில் ஆற்றோடு கூடுமிடத்தில் அங்கே ஒரு மடு இருக்கிறது. ‘கில்’ என்பது ஓடையைக் குறிக்கும் பழைய டச்சுச் சொல் என்பதால், இந்த மலைகளில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ‘கில்’ எதிர்ப்படும். அமெரிக்காவில் மிதக்கும் ஃபிளையை, அதாவது பூச்சியின் சாயலில் கட்டிய தூண்டில் முள்ளைக் கொண்டு டிரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிக்கும் கலை வளர்ந்தது இங்கேதான். நெவர்சிங்க் ஆற்றங்கரையில் வாழ்ந்த தியோடர் கார்டன் (1854–1915), 1890இல் இங்கிலாந்தின் மிதக்கும் ஃபிளை வல்லுநர் ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்டிடமிருந்து ஃபிளைகளை வரவழைத்துப் பார்த்தார். அவை மெல்ல ஓடும் ஆங்கிலேய ஓடைகளின் பூச்சிகளைப் பார்த்துக் கட்டப்பட்டவை. கேட்ஸ்கில் ஆறுகளின் வேகத்துக்கும் இங்குள்ள பூச்சிகளின் நிறத்துக்கும் ஏற்றவற்றை அவர் தாமே கட்டத் தொடங்கினார். புதிதாகத் தொடங்குபவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியதும் இதுதான்: எந்த ஆற்றில் நிற்கிறீர்களோ அந்த ஆற்றில், அந்த வாரத்தில் பிறக்கும் பூச்சியே உங்கள் ஃபிளையைத் தீர்மானிக்கிறது.

இந்த வழிகாட்டி, தூண்டிலில் மண்புழுவைக் கோத்து மீன் பிடித்திருந்தாலும் ஃபிளைக் கோலை ஒருபோதும் கையில் எடுக்காதவர்களுக்கானது. நியூயார்க், நியூ ஜெர்சி பகுதிகளில் வாழும் தமிழர்களுக்கு இந்த ஆறுகள் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவில் உள்ளன.

ஃபிளை என்பது என்ன, அதை எப்படி வீசுவது

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை, அதாவது நைலான் இழையை, இழுத்துக்கொண்டு போகிறது. ஃபிளைக்கு எடையே இல்லை. முள்ளின் மேல் நூலாலும் இறகாலும் மயிராலும் கட்டப்பட்ட பூச்சியின் சாயல் அது. ஆகையால் இங்கே கயிற்றுக்கே எடை கொடுத்து, அந்தக் கயிற்றைக் கோலால் வீச, அதன் முனையில் உள்ள ஃபிளை பின்தொடர்ந்து சென்று நீரில் இறங்குகிறது. இந்த ஒரு வேறுபாடு புரிந்துவிட்டால் கருவிகள் எல்லாம் தாமாகவே புரியும்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. 9 அடி நீளமுள்ள, 5ஆம் எண் கயிற்றுக்கான (இந்த எண் கயிற்றின் எடையைக் குறிக்கும்) கோல் ஒன்று, அதே எண்ணுள்ள மிதக்கும் கயிறு ஒன்று, சாதாரண ரீல் ஒன்று போதும். கயிற்றின் முனையில் 9 அடி நீளத்துக்குப் படிப்படியாக மெலிந்துகொண்டே போகும் நரம்பைக் கட்டுவார்கள். அதற்கு லீடர் என்று பெயர். லீடரின் நுனியில் சேர்த்துக் கட்டும் மெல்லிய நரம்புக்கு டிப்பெட் என்று பெயர். டிப்பெட்டின் பருமனை எக்ஸ் என்ற எழுத்தோடு சேர்ந்த எண்ணால் குறிப்பார்கள். எண் கூடக் கூட நரம்பு மெலியும். 5எக்ஸ் என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்குப் பருமன். முள்ளின் அளவும் அப்படியே தலைகீழானது: 10ஆம் எண் முள் பெரியது, 20ஆம் எண் முள் ஓர் அரிசிமணியை விடச் சிறியது. முள்ளின் எண்ணை மூன்றால் வகுத்தால் ஏறத்தாழப் பொருத்தமான டிப்பெட் எண் கிடைத்துவிடும். 12ஆம் எண் ஃபிளைக்கு 4எக்ஸ், 18ஆம் எண்ணுக்கு 6எக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றோடு நீரின் வெப்பநிலையை அளக்கும் வெப்பமானி ஒன்றையும், நீரின் கண்கூச்சத்தை அகற்றும் போலராய்டு கண்ணாடி ஒன்றையும் மறக்காமல் வாங்குங்கள். விலையுயர்ந்த ரீலைவிட இந்த இரண்டும் அதிக மீனைக் காட்டித்தரும் என்பது என் உறுதியான கருத்து.

வீசிப் பழகுவதற்கு ஆறு தேவையில்லை. புல்வெளியில் ஃபிளைக்குப் பதிலாகச் சிறு கம்பளி நூல் துண்டைக் கட்டிப் பழகுங்கள். கோலைப் பின்னால் வேகமாக உயர்த்தி, தலைக்குச் சற்றுப் பின்னே சட்டென நிறுத்தி, கயிறு முதுகுப்புறத்தில் முழுவதும் நீளும் வரை பொறுத்திருந்து, பிறகே முன்னால் வீச வேண்டும். அந்தப் பொறுத்திருத்தல்தான் எல்லோரும் தவறவிடும் இடம். கயிறு நீள்வதற்குள் முன்னால் வீசினால் சாட்டையடி போல் ஓசை எழும், ஃபிளை அறுந்து போகும். முப்பது அடி தொலைவுக்கு நேராக வீச வந்துவிட்டால் ஆற்றுக்குப் போகலாம். பீவர்கில்லில் பெரும்பாலான மீன்கள் அந்தத் தொலைவுக்குள்ளேயே நிற்கின்றன.

மீனும் அதன் உணவும்

கேட்ஸ்கில் ஓடைகளின் மண்ணுக்குரிய மீன் ஓடை டிரவுட். பழுப்பு டிரவுட்டின் முட்டைகள் 1883இல் ஜெர்மனியிலிருந்து நியூயார்க்குக்கு வந்தன. இன்று பெரிய ஆறுகளில் அதுவே ஆட்சி செய்கிறது. நீலகிரியில் அவலாஞ்சிக் குஞ்சு பொரிப்பகத்தைப் பார்த்தவர்களுக்குப் பழக்கமான வானவில் டிரவுட்டும் இங்கே உண்டு. மூன்றுமே குளிர்நீர் மீன்கள், மூன்றுமே பூச்சி தின்பவை.

அந்தப் பூச்சிகளில் முதன்மையானது மேஃபிளை. நம் ஊரில் மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஈசல் புறப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். இனம் வேறானாலும் மேஃபிளையின் புறப்பாடும் அதே போன்றதுதான். பெரும்பாலான இனங்கள் ஏறத்தாழ ஓராண்டு காலம் ஆற்றின் அடியில் கல்லைப் பற்றிக்கொண்டு இளம்பருவத்தில் வாழ்கின்றன. இந்தப் பருவத்துக்கு நிம்ஃப் என்று பெயர். காலம் வந்ததும் நீரின் மேற்பரப்புக்கு நீந்தி ஏறி, அங்கே தோலைக் கிழித்துக்கொண்டு சாம்பல் நிறச் சிறகோடு வெளிவந்து, பாய்மரம் போலச் சிறகை நிமிர்த்தி மிதக்கின்றன. பிறகு மரங்களுக்குப் பறந்து சென்று மறுபடியும் ஒருமுறை தோலுரித்து, கண்ணாடிச் சிறகோடு ஆற்றின் மேல் கூடி, முட்டையிட்டு, சிறகை விரித்தபடி நீரில் விழுந்து இறக்கின்றன. நிம்ஃப், வெளிவந்துகொண்டிருப்பது, மிதப்பது, இறந்து விழுந்தது என ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி ஃபிளை உண்டு. ஃபிளைப் பெட்டிகள் அவ்வளவு குழப்பமாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. மேஃபிளைக்கு அடுத்து, கூரை போலச் சிறகை மடித்து வைத்துக்கொள்ளும் கேடிஸ் பூச்சிகளும், கரையோரக் கல்லில் ஏறித் தோலுரிக்கும் ஸ்டோன்ஃபிளைகளும் வருகின்றன.

வசந்தம்: ஆற்றின் திருவிழாக் காலம்

மார்ச் முடியும்போது பனி உருகி ஆறு நிரம்பி ஓடும். பீவர்கில் ஆற்றின் நீரோட்ட அளவை அதன் கரையில் குக்ஸ் ஃபால்ஸில் உள்ள அரசு அளவி இணையத்தில் காட்டிக்கொண்டே இருக்கும். புறப்படும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். நீர் கலங்கி உயர்ந்திருந்தால் பயணத்தை ஒத்திவைப்பதே நல்லது. நீர் 45 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும் நாட்களில் மீன் அடியில் அசையாமல் கிடக்கும். நிம்ஃபின் சாயலுள்ள ஃபெசன்ட் டெயில் என்னும் ஃபிளையை 14ஆம் எண்ணில் கட்டி, மேலே சிறு ஈயக்குண்டும் அதற்கும் மேலே தக்கையும் வைத்து, மெதுவாக ஓடும் ஆழப் பகுதியில் அடியைத் தொட்டுத் தொட்டுப் போகவிடுங்கள்.

ஏப்ரல் நடுவில் வெப்பமானி பிற்பகலில் 50 டிகிரியைத் தொடும்போது, அதாவது 10 டிகிரி செல்சியஸில், ஆறு விழிக்கிறது. சலசலத்து ஓடும் ஆழமற்ற பகுதியில் உள்ளங்கையளவு தட்டைக் கல் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். ஈரக் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு, தட்டையான தலையும் இரண்டே இரண்டு வால்களும் கொண்ட ஒரு நிம்ஃப் நண்டு போல் பக்கவாட்டில் நகரும். பெரும்பாலான மேஃபிளை நிம்ஃப்களுக்கு மூன்று வால். இதற்கோ இரண்டுதான். இதுதான் தியோடர் கார்டனின் பெயரைத் தாங்கிய குவில் கார்டன் ஃபிளை எதைப் பார்த்துக் கட்டப்பட்டதோ அந்தப் பூச்சி. அதன் முதுகில் சிறகு முளைக்க இருக்கும் இடம் கறுத்துப் புடைத்திருந்தால் புறப்பாடு ஓரிரு நாளில் என்று பொருள். பார்த்ததும் கல்லை எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே வைத்துவிடுங்கள்.

ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் வருவது ஹென்ட்ரிக்சன் என்னும் மேஃபிளை. ஓராண்டில் ஒரே ஒருமுறைதான் உங்களால் போக முடியும் என்றால் இந்த வாரத்தில் போங்கள் என்றே எவருக்கும் சொல்வேன். ராய் ஸ்டீன்ராட் 1916இல் இதன் ஃபிளையைக் கட்டி, தம்மோடு மீன்பிடித்த ஏ. ஈ. ஹென்ட்ரிக்சனின் பெயரை அதற்கு இட்டார். பிற்பகல் இரண்டு மணி அளவில் முதலில் ஒன்றிரண்டாகவும், பிறகு நீர் முழுதும் சின்னஞ்சிறு பாய்மரக் கப்பல்கள் போலவும் இவை மிதந்து வரும். குளிர்ந்த, மேகம் மூடிய நாளில் சிறகு உலர நேரமெடுப்பதால் நெடுந்தூரம் மிதந்துகொண்டே இருக்கும். மீனுக்கு அதுவே விருந்து. பெண்பூச்சியின் உடல் இளஞ்சிவப்புச் சாயலுள்ள பழுப்பு, ஆண்பூச்சியின் உடல் செம்பழுப்பு. 14ஆம் எண் ஹென்ட்ரிக்சன் இரண்டுக்கும் பெரும்பாலும் போதும்.

என் முதல் வசந்தத்தில் இந்தப் புறப்பாட்டின் நடுவே நின்றுகொண்டு இரண்டு மணி நேரம் ஒரு மீனையும் பிடிக்காமல் திரும்பினேன். சுற்றிலும் மீன்கள் எழும்பிக்கொண்டே இருந்தன. மிதக்கும் ஃபிளையை அவற்றின் தலைக்கு மேலேயே விட்டும் தொடவில்லை. எழும்பும் மீனின் மூக்கைப் பார்க்காமல் நீர்வளையத்தை மட்டும் பார்த்ததே நான் செய்த பிழை. மிதக்கும் பூச்சியை உண்ணும் மீன் மூக்கை வெளியே நீட்டுவதால் அந்த இடத்தில் ஒரு காற்றுக்குமிழ் தங்கும். குமிழ் எதுவும் இல்லாமல் முதுகும் வாலும் மட்டும் புரண்டு மறைந்தால், மீன் நீர்ப்பரப்புக்கு ஒரு விரற்கடை கீழே, தோலுரிக்க ஏறிவரும் பூச்சியை உண்கிறது. அப்போது ஃபிளையின் இறகைக் கத்தரித்துத் தாழ மிதக்கவிட்டாலோ, ஒரு ஃபெசன்ட் டெயிலை மேற்பரப்புக்கு அடியிலேயே மிதந்துவர விட்டாலோ மீன் எடுக்கும். மாலையில் காற்று அடங்கியதும் முட்டையிட்ட பூச்சிகள் இறந்து விழும். சிறகை இரு பக்கமும் விரித்தபடி கட்டிய ரஸ்டி ஸ்பின்னர் அந்த நேரத்துக்கானது.

மே நடுவில் கேடிஸ்கள் பெருகுகின்றன. பென்சில்வேனியாவின் ஆல் ட்ராத் 1957இல் உருவாக்கிய எல்க் ஹேர் கேடிஸ், 14, 16 ஆகிய எண்களில், இந்த வேலையைச் சிறப்பாகச் செய்யும். மே மாதப் பிற்பகுதியில் 12ஆம் எண் அளவுள்ள மார்ச் பிரவுன் என்னும் மேஃபிளை வருகிறது. பெயரில் மார்ச் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது இங்கிலாந்திலிருந்து வந்த பெயர். மே கடைசியில் அந்தி வேளையில் மஞ்சள் நிற மேஃபிளைகளான சல்ஃபர்களும், கட்டைவிரல் நகத்தை விடப் பெரிய கிரீன் டிரேக்கும் புறப்படும். டிரேக்குக்காகப் பெரிய மீன்கள் மேலே வருவது உண்மைதான். ஆனால் அந்தச் சில மாலைகளில் ஆற்றில் நிற்க இடம் கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்; புதியவர் சல்ஃபரோடு நிறுத்திக்கொண்டால் நிம்மதியாகப் பிடிக்கலாம்.

கோடை: வெப்பமானியே நீதிபதி

ஜூன் முடியும்போது பீவர்கில்லின் நீர் சுண்டிச் சூடாகிறது. நீரின் வெப்பநிலை 68 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 20 டிகிரி செல்சியஸை எட்டினால் கோலைச் சுருட்டி வைத்துவிடுங்கள். வெந்நீரில் ஆக்சிஜன் குறைவு. அந்த நிலையில் இழுத்துப் பிடித்து விடப்படும் மீன் நீந்திப் போவது போலத் தோன்றினாலும் பிறகு இறந்துபோக வாய்ப்பு மிகுதி. குளிர்ந்த கிளையோடைகள் கலக்கும் இடத்தில் மீன்கள் கூட்டமாக ஒண்டியிருப்பதைக் கண்டால் அங்கே தூண்டில் போடாமல் விலகிப் போங்கள். அப்படிப்பட்ட சில பகுதிகள் கோடையில் சட்டப்படியே மூடப்பட்டிருக்கின்றன.

மீன்பிடிக்க வேண்டுமென்றால் டெலவேர் ஆற்றின் மேற்குக் கிளைக்குப் போகலாம். நியூயார்க் நகரின் குடிநீருக்காகக் கட்டப்பட்ட கேனன்ஸ்வில் நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து திறக்கப்படும் குளிர்நீர் அங்கே ஜூலையிலும் கால்களை நடுங்கவைக்கும். அங்கே சல்ஃபர்கள் கோடை முழுவதும் பிற்பகலில் வரும். அங்குள்ள மீன்கள் ஃபிளையைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தவை. 6எக்ஸ் டிப்பெட்டும் பொறுமையும் வேண்டும்.

கோடையில் கைகொடுக்கும் இன்னொரு மேஃபிளை ஐசோனிகியா. அதன் நிம்ஃப் சிறு மீன் போல வேகமாக நீந்திக் கரைக்கல்லில் ஏறும். ஆகவே 12ஆம் எண் நிம்ஃபை ஓட்டத்துக்குக் குறுக்கே வீசி, கயிறு இறுகி வளைந்து வரும்போது சிறிது சிறிதாகச் சுண்டிவிட்டால் மீன் கோலையே பறிப்பது போலக் கவ்வும். பகல் வேளைகளில் கரையோர மரங்களிலிருந்து விழும் எறும்பும் வண்டுமே மீனின் உணவு. 16ஆம் எண் கறுப்பு எறும்பு ஃபிளையை மரக்கிளைகளின் நிழலுக்கடியில் விடுங்கள். எத்தனையோ அழகான ஃபிளைகளை ஒதுக்கித் தள்ளிய மீன் எறும்பை மறுத்து நான் கண்டது அரிது.

இலையுதிர்காலமும் குளிர்காலமும்

செப்டம்பரில் நீர் மீண்டும் குளிரும். தூறல் விழும் மந்தமான நாட்களில் 18, 20ஆம் எண் புளூ விங்ட் ஆலிவ் பூச்சிகள் பிற்பகலில் வரும். மிதக்கும் மேப்பிள் இலைகளுக்கு நடுவே அவற்றைக் காணக் கண் பழக வேண்டும். அக்டோபரில் பழுப்பு டிரவுட்கள் இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாகி மூர்க்கம் கொள்ளும். இந்தக் காலத்துக்கு 8ஆம் எண் வூலி பக்கர் போன்ற, சிறு மீனின் சாயலுள்ள பெரிய ஃபிளையை இழுத்து இழுத்து வருவதே ஏற்றது. ஆற்றுப்படுகையில் பாசி நீங்கி வெளுத்துத் தெரியும் சரளைத் திட்டுகளில் கால் வைக்காதீர்கள், அங்கே முட்டைகள் புதைந்திருக்கும்.

குளிர்காலத்தில் நண்பகலில் ஓரிரு மணி நேரம், மிட்ஜ் என்னும் கொசு போன்ற பூச்சியின் சாயலுள்ள மிகச் சிறிய ஃபிளைகளோடு, மெதுவான மடுக்களில் முயலலாம். புதியவர்கள் அந்த மாதங்களை ஃபிளை கட்டப் பழகுவதற்கு வைத்துக்கொள்வது மேல்.

ஆற்றங்கரையில் ஃபிளையைத் தேர்ந்தெடுக்கும் முறை

வந்தவுடன் நீரில் இறங்காமல் பத்து நிமிடம் கரையில் நில்லுங்கள். நீரின் வெப்பநிலையை அளங்கள், இரண்டு மூன்று கற்களைப் புரட்டுங்கள், பாலத்தின் சுவரிலும் புதர்களிலும் இருக்கும் சிலந்தி வலைகளைப் பாருங்கள். நேற்று மாலை எந்தப் பூச்சி பறந்தது என்பதை வலை சொல்லிவிடும். பூச்சி கையில் கிடைத்தால் முதலில் அளவையும், அடுத்து உருவத்தையும், கடைசியாக நிறத்தையும் ஒப்பிடுங்கள். புதியவர்கள் நிறத்தில் தொடங்கி அளவில் கோட்டை விடுகிறார்கள். மீன் மறுத்தால் வேறு வகை ஃபிளைக்குத் தாவாமல், அதே ஃபிளையில் ஓர் அளவு சிறியதைக் கட்டிப் பாருங்கள்.

பூச்சி எதுவுமே தென்படாவிட்டால் 16ஆம் எண் ஆடம்ஸ். மிச்சிகனில் லென் ஹாலடே 1922இல் கட்டிய இந்தச் சாம்பல் நிற ஃபிளை எந்தப் பூச்சியையும் அப்படியே ஒத்திருக்காமல் பல பூச்சிகளையும் ஒருங்கே நினைவூட்டுவதால் ஆண்டு முழுவதும் பயன்படும். ஆடம்ஸ், ஹென்ட்ரிக்சன், எல்க் ஹேர் கேடிஸ், சல்ஃபர், மார்ச் பிரவுன், ரஸ்டி ஸ்பின்னர், ஆலிவ், எறும்பு, ஃபெசன்ட் டெயில், ஐசோனிகியா நிம்ஃப், வூலி பக்கர் ஆகியவற்றில் மும்மூன்று வைத்திருந்தால் முதல் ஆண்டை எந்தக் குறையுமின்றிக் கழிக்கலாம்.

ஃபிளையை மாற்றுவதற்கு முன் அது மிதந்து வரும் விதத்தைக் கவனியுங்கள். உண்மைப் பூச்சி நீரோடு நீராக, அதே வேகத்தில் வருகிறது. உங்கள் கயிறு வேகமான ஓட்டத்தில் கிடந்து, ஃபிளை மெதுவான ஓட்டத்தில் இருந்தால், கயிறு ஃபிளையை இழுக்கும், அதன் பின்னால் சிறு கோடு விழும். மீன் உடனே விலகிவிடும். கயிறு நீரில் விழுந்ததும் கோலின் நுனியால் அதை நீர் வரும் திசைப் பக்கமாகத் தூக்கிப் போட்டுவிட்டால் ஃபிளை இன்னும் சில அடி இயல்பாக வரும். மீன் வாங்காத பொழுதுகளில் பெரும்பாலும் குறை ஃபிளையில் இருப்பதில்லை, இந்த இழுப்பில்தான் இருக்கிறது.

சட்டமும் மீனின் நலமும்

நியூயார்க் மாநிலத்தில் 16 வயது நிரம்பிய எவருக்கும் மீன்பிடி உரிமம் வேண்டும். மாநிலத்தின் உள்நாட்டு டிரவுட் ஓடைகளில் பொதுவாக ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 15 வரை குறிப்பிட்ட எண்ணிக்கையில் மீனை எடுத்துச் செல்லலாம். மற்ற மாதங்களில் செயற்கை இரையால் மட்டும் பிடித்து, பிடித்ததை விட்டுவிட வேண்டும். பீவர்கில், வில்லோவீமாக் ஆறுகளின் சில பகுதிகளில் ஆண்டு முழுவதுமே விட்டுவிட வேண்டும். நியூயார்க்குக்கும் பென்சில்வேனியாவுக்கும் எல்லையாக ஓடும் டெலவேருக்குத் தனி விதிகள் உண்டு. எனவே அந்தந்த ஆண்டின் விதிகளைப் படித்துவிட்டே இறங்குங்கள்.

முள்ளின் நுனிக்கருகே பின்னோக்கி நிற்கும் சிறு எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். முள் மீனின் வாயிலிருந்தும், தவறிப் பட்டால் உங்கள் காதிலிருந்தும், எளிதாகக் கழன்றுவரும். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள், ரப்பர் வலையில் ஏந்தி நீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள், செவுளுக்குள் விரல் போகக் கூடாது. பிறகு மீனின் தலை ஓட்டத்தை எதிர்நோக்கி இருக்குமாறு இரு கைகளாலும் தளர்வாகத் தாங்கிப் பிடியுங்கள். செவுள் சீராகத் திறந்து மூடத் தொடங்கும், வால் உங்கள் உள்ளங்கையை ஒருமுறை தள்ளும், அந்த நொடியில் கையை விரித்துவிடுங்கள்.

வீடு திரும்பியதும் காலணியையும் நீர்க்காலுறையையும் தேய்த்துக் கழுவி முழுவதும் உலரவையுங்கள்; டிடிமோ என்னும் பாசி ஈரக் காலணியில் ஒட்டிக்கொண்டு ஓர் ஆற்றிலிருந்து மற்றோர் ஆற்றுக்குப் பரவக்கூடும். ஃபிளைப் பெட்டியை இரவு முழுவதும் திறந்தே வைத்தால் முட்கள் துருப்பிடிக்காது. படுக்கப் போகும் முன் ஒரு குறிப்பேட்டில் தேதி, நேரம், நீரின் வெப்பநிலை, பார்த்த பூச்சி, மீன் எடுத்த ஃபிளை ஆகிய ஐந்தையும் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே வாரத்தில் எந்த ஃபிளையை வாங்குவது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.